காப்புப் பருவமும் வடிகட்டிகளும்

பிள்ளைத்தமிழில் முதல் பருவம் காப்பு. திருமாலில் தொடங்கித் தெய்வங்களை வரிசையாக அழைத்து, இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று பாடுவது மரபு. காப்பு முதல் பருவம் மட்டும்தான். அதன் பிறகு குழந்தை செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது, நடந்து வருகிறது, அதனோடு விளையாட வரும்படி அம்புலியைக் கூப்பிடுகிறார்கள், அது தெருவில் இறங்கிச் சிற்றில் சிதைக்கிறது. இணையத்தில் குழந்தைகளின் பாதுகாப்பு என்று இன்று நடக்கும் சொல்லாடல் இந்தப் பத்துப் பருவங்களையும் காப்பு என்ற ஒன்றுக்குள் அடைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

காக்க அழைக்கப்படும் தெய்வமும் மாறிவிட்டது. 'கொழந்தைங்களுக்குன்னே தனி ஆப்பு இருக்கு, அதப் போட்டுக் குடுத்துட்டேன், பயமில்ல' என்று அம்மாக்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். இந்தத் தெய்வத்தின் பெயர் வடிகட்டி. அதற்கு வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய சந்தர்ப்பம் 2017இல் வந்தது. குழந்தைகளுக்கென்றே 2015இல் தொடங்கப்பட்ட யூடியூப் கிட்ஸில், பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டி பல் மருத்துவரிடம் வதைபடுவது போன்ற போலிக் காணொளிகள் நுழைந்திருந்தது அம்பலமானது. 'எல்சாகேட்' என்று அதற்குப் பெயரே வந்தது. ஜேம்ஸ் பிரிடில் அந்த ஆண்டு எழுதிய கட்டுரை, இவற்றின் தலைப்புகள் வாக்கியங்களாகவே இல்லை, குழந்தைகள் விரும்பும் சொற்களின் குவியல்களாக இருக்கின்றன என்பதைக் காட்டியது. தலைப்பு எழுதப்பட்டது இயந்திரத்துக்காக. இயந்திரம் பார்ப்பது குறிப்பானை. குழந்தை மாட்டிக்கொள்வது குறிப்பீட்டில். பெயர் சரியாக இருந்தால் கதவு திறக்கும். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சமையலறையில் இருப்பவளுக்குக் கேட்பதோ பழகிய அதே பாட்டு.

கண்காணிப்பைப் பற்றி ஃபூக்கோவைப் படித்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காவல்காரன் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்? பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக அமெரிக்காவில் எழுந்த குற்றச்சாட்டில், கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட 2019இல் ஒப்புக்கொண்டன.

நம் சட்டத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிவிலக்குகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைக்கும் இந்தப் பகுதியை வரவேற்கிறேன். ஆனால் அதே சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தை. நான்கு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே பெற்றோர் ஒப்புதல். அந்த ஒப்புதல் நம் வீடுகளில் எப்படி நடக்கும்? அம்மாவின் போன் பிள்ளையின் கையில் இருக்கிறது. ஓடிபி அதே போனுக்குத்தான் வருகிறது. போனை இயக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பிள்ளைதான் என்ற வீடுகளும் உண்டு.

பிரிட்டனில் 2020இல் நடைமுறைக்கு வந்த வயதுக்கேற்ற வடிவமைப்பு விதித்தொகுப்பு குழந்தைமையை ஐந்தாகப் பிரிக்கிறது: 5 வரை, 6-9, 10-12, 13-15, 16-17. பாதுகாப்பான அமைப்பு முதலிலேயே போடப்பட்டிருக்க வேண்டும் என்று தயாரிப்பவரிடம் கேட்கிறது. பருவம் என்ற கருத்தை இலக்கணமாகவே வைத்திருந்த மொழிக்காரர்களான நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது.

இதெல்லாம் சரி, வீட்டில் என்ன செய்வது? நம் வழக்கமான பதில்: 'போனைப் புடுங்கி வை.' பயமுறுத்தும் எதையோ பார்த்துவிட்ட ஆறு வயதுக் குழந்தை அதைச் சொன்னால் போன் போய்விடும், அடியும் விழும் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை சொல்லாது. தண்டனை, குழந்தையை மௌனமாக்குகிறது. அதைச் சீண்டும் அந்நியனுக்கும் அந்த மௌனம்தான் வேண்டும். சொன்னதற்காகத் தண்டனை இல்லை என்ற உறுதி எந்தப் பூட்டைவிடவும் குழந்தையைக் காக்கும்.

நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிற பெண் எப்போது பக்கத்தில் உட்காருவாள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் தானாக ஓடுவதை நிறுத்தும் வேலை அவளுடையதாக இருக்கக் கூடாது என்கிறேன். அப்பனும் வீட்டில்தானே இருக்கிறான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளைத்தமிழில் காப்பு முடிந்த பிறகும் பேச்சு முடிவதில்லை. ஆடு, கொட்டு, வா என்று பருவந்தோறும் யாரோ ஒருவர் குழந்தையோடு பேசிக்கொண்டே இருக்கிறார். திரையின் முன் உட்காரவைக்கப்பட்ட நம் குழந்தைகளுக்கு இல்லாமல் போனது அந்தக் குரல்.