ஏ, டி, ஈ, கே: அட்டவணை சொல்லாமல் விட்டவை

பள்ளியில் அறிவியல் படித்த எவரும் மறக்காத அட்டவணை ஒன்று உண்டு. முதல் கட்டத்தில் வைட்டமினின் பெயர். அடுத்ததில் அது கிடைக்கும் உணவு. கடைசிக் கட்டத்தில் அதன் குறைவால் வரும் நோய். ஏ என்றால் கேரட், மாலைக்கண். டி என்றால் மீன் எண்ணெய், சூரிய ஒளி, ரிக்கெட்ஸ். ஈ என்றால் மலட்டுத்தன்மை. கே என்றால் இரத்தம் உறையாமை. இந்நான்குக்கும் மேலே 'கொழுப்பில் கரைபவை' என்றொரு தலைப்பு. தேர்வுக்கு இவ்வளவு போதும். வாழ்க்கைக்குப் போதுமா என்பதே நம் கேள்வி.

இவ்வட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் இன்று பெருந்திரளாகக் கூடியிருக்கும் இடங்களுள் ஒன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. பன்னிரண்டாம் வகுப்பு, ஐ.டி.ஐ., டிப்ளமா என்று முடித்துவிட்டுப் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கு வந்து சேருகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பள்ளிப் பாடம் உடம்புக்கு உதவுகிறதா என்று பார்க்க இது ஏற்ற இடம்.

அட்டவணையை முற்றிலும் குறை கூறுவது நியாயமன்று. மாலைக்கண் என்பது விதியன்று, உணவுக் குறை என்று பல தலைமுறைகளுக்குக் கற்பித்தது அதுவே. ஆனால் பெயரையும் நோயையும் சொன்ன அது, இடையில் நடப்பதைச் சொல்லவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

தலைப்பே பாடம்

'கொழுப்பில் கரைபவை' என்பது வெறும் வகைப்பெயர் அன்று. 1913-இல் அமெரிக்காவில் மெக்கலமும் டேவிஸும் எலிகளை வளர்த்தபோது, பன்றிக் கொழுப்பு உண்டவற்றின் வளர்ச்சி நின்றது. வெண்ணெய்க் கொழுப்பு சேர்த்ததும் அவை மீண்டும் வளர்ந்தன. வைட்டமின் ஏ இவ்வாறு வெளிப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கசிவு ஏற்படுவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது வைட்டமின் கே. இரண்டின் வரலாற்றிலும் கொழுப்பே கதாநாயகன்.

இந்த ஒரு பண்பிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று: உணவில் கொழுப்பும், குடலில் பித்தநீரும் இல்லாமல் இவை சரிவர உட்செல்வதில்லை. இரண்டு: உட்சென்றவை சிறுநீரில் எளிதாக வெளியேறாமல் உடலில் தங்குகின்றன, ஏ கல்லீரலிலும், டி பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலும். மூன்று: கொழுப்பாலான செல்படலத்தைக் கடந்து ஏ, டி இரண்டும் உட்கருவரை சென்று, எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. இவ்வகையில் அவை ஹார்மோன்களின் உறவினர்கள்.

கேரட்டும் தாளிப்பும்

அட்டவணை 'கேரட், கீரை' என்று எழுதுகிறது. எண்ணெய் என்று எழுதுவதில்லை. கேரட்டில் இருப்பது வைட்டமின் ஏ அன்று. அதன் முன்னோடியான பீட்டா கரோட்டின். குடலில் பித்த உப்புகள் கொழுப்பை நுண்துளிகளாக்கும்போது அதனுடன் சேர்ந்துதான் கரோட்டினும் குடற்சுவரைக் கடக்கும். வெறும் தண்ணீரில் வெந்த கீரையின் கரோட்டினில் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். முருங்கைக்கீரையின்மேல் நம் வீடுகளில் ஊற்றும் ஒரு கரண்டித் தாளிப்பு, ருசிக்கு மட்டுமன்று என்பதை அட்டவணை சொல்லியிருக்க வேண்டாமா?

நோய்க் கட்டமும் குறையுடையது. ரெட்டினால், விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமியாக அமைந்து மங்கல் ஒளியில் பார்வை தருகிறது. எனவே 'மாலைக்கண்' என்பது சரி. ஆனால் அதே வைட்டமின்தான் குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்பூச்சுத் திசுவையும் நோயெதிர்ப்பையும் காக்கிறது. திருச்சிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை 8,333 சர்வதேச அலகு, அதாவது 2.5 மில்லிகிராம் வைட்டமின் ஏ தரப்பட்டது. அப்பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. பிற்காலத்தில் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பயனைக் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆயினும் 'மாலைக்கண்' என்ற ஒரு சொல்லில் நிறுத்தும் அட்டவணை, உயிர் சம்பந்தப்பட்ட செய்தியைக் கண்ணோடு முடித்துவிடுகிறது.

அந்த ஆய்வில் தினமும் அன்றி வாரம் ஒருமுறை கொடுத்தது எப்படிப் போதுமானதாயிற்று? கல்லீரல் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவிப்பதால்தான். மறுபடியும் விடை, தலைப்பிலேயே இருக்கிறது.

எந்த வெயில்?

ஒரகடத்துக்குத் திரும்புவோம். விடியுமுன் விடுதியிலிருந்து பஸ். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூரையின் கீழ் வேலை. இரவு ஷிப்டு என்றால் நண்பகலில் உறக்கம். 'சூரிய ஒளி' என்று படித்த பெண் என்ன நினைப்பாள்? பஸ் ஜன்னலோரம் காலை வெயில் முகத்தில் படுகிறதே, போதும் என்று நினைப்பாள். 'இளங்காலை வெயிலில் வைட்டமின் டி' என்று பலரும் சொல்வதும் அதற்குத் துணை.

இது தவறு. தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் வைட்டமின் டி-யின் முன்வடிவாக மாற, 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா 'பி' கதிர்கள் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடுகிறது. காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் ஓசோன் அவற்றை விழுங்கிவிடுகிறது. ஏறத்தாழ இதே அட்சரேகையிலுள்ள திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வில், காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே பயன் தருவது என்று தெரிந்தது.

மாணவர்கள் கருவியின்றியே இதைச் சோதிக்கலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? அப்படியானால் சூரியன் 45 பாகைக்கு மேல் இருக்கிறது. அவ்வேளையில் அக்கதிர்கள் ஓரளவு தரையை எட்டும். டிசம்பரிலும் இங்கு நண்பகல் சூரியன் 53 பாகை உயரத்தை எட்டுவதால், ஆண்டு முழுவதும் இவ்வாய்ப்பு உண்டு. தோல் கன்றும்வரை நிற்க வேண்டியதில்லை. உணவு இடைவேளையில் கையைத் திறந்துவிட்டுச் சிறிது நடக்கலாம். வெயிலால் டி அளவு மீறுவதுமில்லை. மிகுந்ததை அதே ஒளி சிதைத்துவிடுகிறது. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

'ரிக்கெட்ஸ்' என்பதும் பாதி உண்மையே. அது வளரும் குழந்தையின் நோய். வளர்ந்தவருக்கு டி குறைந்தால் எலும்பு மென்மையாகி, இடுப்பிலும் தொடையிலும் வலியும் தசைச் சோர்வும் வரலாம். நின்றே வேலை செய்யும் பெண் அதை வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடக்கூடும்; அட்டவணை அவளுக்கு எச்சரிக்கை தரவில்லை.

இல்லாத கட்டம்

செறிவூட்டிய எண்ணெய்ப் பாக்கெட்டில் '+எஃப்' குறி இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி அதில் கிராமுக்கு 0.11 முதல் 0.16 மைக்ரோகிராம் டி இருக்க வேண்டும். நாளுக்கு 25 கிராம் எண்ணெய் உண்டால் கிடைப்பது சுமார் 3 முதல் 4 மைக்ரோகிராம். தேவை 15 மைக்ரோகிராம். உதவிதான், தீர்வு அன்று. சேர்த்த ஏ-யும் ஒளியிலும், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதிலும் அழியும். இன்னொரு வேடிக்கை: செம்பனை எண்ணெயில் இயற்கையாகவே கரோட்டின் நிறைந்திருக்கிறது. சுத்திகரித்து நிறம் போக்கும்போது அதை நீக்கிவிட்டு, பின்னர் வைட்டமினை வெளியிலிருந்து சேர்க்கிறோம்!

இதற்கு எதிர்முனை, மருந்துக்கடை. 60,000 அலகு டி மாத்திரை, ஒருநாள் தேவையான 600 அலகைப்போல் நூறு மடங்கு. மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாக உண்டால், இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடலாம். ஏ மிகுந்தால் கல்லீரலுக்குத் தீங்கு. கருவுற்ற பெண் மிகையாக உண்டால் கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு. வெளியேறாமல் தங்குவது, மிகுந்தால் நஞ்சாகும். இதைச் சொல்லும் 'மிகுந்தால்?' என்ற கட்டமே அட்டவணையில் இல்லை.

பாடநூல் எழுதுவோருக்கு நம் வேண்டுகோள் சிறியது. அட்டவணை இருக்கட்டும். அதனுடன் மூன்று கேள்விகளையும் சேருங்கள்: எதனுடன் உட்செல்கிறது? எங்கே தங்குகிறது? மிகுந்தால் என்ன? இவற்றுக்கு விடை தெரிந்த பெண், கேன்டீன் தட்டையும் நண்பகல் வெயிலையும் மாத்திரை அட்டையையும் தானே எடைபோட்டுக்கொள்வாள். அறிவியல் கல்வியின் பயன் அதுவன்றோ!