மலை விடுதி நிறுவனங்களும் டைம்ஷேர் வணிகமும்: ஒரு மதிப்பீடு

டைம்ஷேர் என்பது, விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்பணமாக விற்கும் வணிக முறையாகும். இம்முறையில் இந்தியாவில் வளர்ந்த நிறுவனங்களுள் ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ், மகிந்திரா ஹாலிடேஸ் அண்ட் ரிசார்ட்ஸ் ஆகிய இரண்டும் முதன்மையானவை. இரண்டாவது நிறுவனம் ‘கிளப் மகிந்திரா’ என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறது. இரண்டும் சென்னையில் வேரூன்றி வளர்ந்தவை. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு போன்ற மலை ஊர்களே இவற்றின் முதல் சந்தையாக இருந்தன.

இந்நிறுவனங்களை வேகமாக வளர்த்தது முன்பணம். இவற்றைப் பற்றி எழுந்த சர்ச்சைகளின் வேரும் அதுவே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வணிகத்தைச் சரியாக மதிப்பிட இயலாது.

பனிச்சறுக்கு மலையில் பிறந்த எண்ணம்

டைம்ஷேர் முறை 1960களில் ஐரோப்பாவில் தோன்றியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையிலுள்ள சூப்பர்தெவொலுய் என்ற பனிச்சறுக்கு ஊரில், அறையை ஆண்டுதோறும் வாடகைக்கு எடுப்பதைவிட அதில் ஒரு பங்கை வாங்கிவிடுவது மலிவு என்ற வாதத்துடன் இம்முறை மக்களிடம் கொண்டு செல்லப்பட்டது. பனி பெய்யும் சில மாதங்களுக்கு மட்டுமே கூட்டம் வரும் மலையில் விடுதி கட்டுவோருக்கு வங்கிக் கடனைவிட வாடிக்கையாளரின் முன்பணம் வசதியாக இருந்தது. வட்டி கட்ட வேண்டியதில்லை. ஆள் வருமோ வராதோ என்ற கவலையும் குறைந்தது.

இதே எண்ணத்தின் மற்றொரு வடிவத்தை அமெரிக்காவின் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனத்தில் காணலாம். கொலராடோ மாநிலத்தில் 1962இல் திறக்கப்பட்ட ஒரு பனிச்சறுக்கு மலையிலிருந்து வளர்ந்த இந்நிறுவனம், 2008இல் ‘எபிக் பாஸ்’ என்ற பருவச் சீட்டை அறிமுகப்படுத்தியது. பனி விழுவதற்கு முன்பே சீட்டை வாங்குபவர்களுக்குக் குறைந்த விலை. அன்றன்று வாங்குபவர்களுக்கு மிக உயர்ந்த விலை. இப்படிச் சேர்ந்த உறுதியான வருமானம், மலைக்குப் பின் மலையாக வாங்க நிறுவனத்துக்குத் துணைநின்றது. 2016இல் கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் மலையும் அதன் வசமாயிற்று.

ஆனால் சீட்டு விற்ற அளவுக்கு மலையில் ஆளும் வசதியும் கூடவில்லை என்ற குறை தொடர்ந்து எழுந்தது. 2024 டிசம்பர் 27 அன்று யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் பாதுகாப்புப் பணியாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். சறுக்குப் பாதைகள் பல திறக்கப்படவே இல்லை. ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. முன்கூட்டியே பணம் கட்டியவர் கூட்டத்தைப் பார்த்து வேறு மலைக்குப் போய்விட முடியாது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

இந்தியாவில் வளர்ச்சி

ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் டைம்ஷேரைப் பரவலாக்கிய முன்னோடி என்ற இடம் அதற்கு உண்டு. வங்கி ஊழியர், ஆசிரியர், அரசு அலுவலர் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களுக்குக் கொடைக்கானலில் தமக்கென ஓர் அறை என்பது அக்காலத்தில் பெரிய கனவு. அக்கனவைத் தவணையில் வாங்கலாம் என்று இந்த வணிகம் கூறியது. ஆனால் 1990களின் பிற்பகுதியில் ஸ்டெர்லிங் கடும் நிதி நெருக்கடிக்கு ஆளானது. விரிவாக்கத் திட்டங்கள் தடைப்பட்டன. ஏற்கெனவே பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் விடுதிகளின் பராமரிப்பு குறித்துக் குறை கூறினர். பின்னர்ப் புதிய முதலீட்டாளர்கள் வந்தனர். 2014இல் தாமஸ் குக் இந்தியா நிறுவனம் ஸ்டெர்லிங்கைத் தன்னுடன் இணைத்துக்கொள்வதாக அறிவித்தது. அதன் பிறகு டைம்ஷேர் விற்பனையைச் சார்ந்திருப்பதைக் குறைத்து, அறையை அன்றாட வாடகைக்கு விடும் ஹோட்டல் தொழிலின் பக்கம் ஸ்டெர்லிங் நகர்ந்தது.

மகிந்திரா ஹாலிடேஸ் 1996இல் தொடங்கப்பட்டது. மூணாறு விடுதி அதன் தொடக்கக்கால அடையாளம். 25 ஆண்டு உறுப்பினர் திட்டம் அதன் அடிப்படை விற்பனைப் பொருளாக இருந்துவந்துள்ளது. ஆண்டின் நாட்கள் நான்கு வண்ணப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, கூட்டம் மிகுந்த பருவத்துக்குக் கூடுதல் விலை வைக்கப்பட்டது. 2009இல் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

2014, 2015 ஆண்டுகளில் பின்லாந்தின் ஹாலிடே கிளப் ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதன்மூலம் லாப்லாந்துப் பகுதியின் சாரிசெல்கா, ஸ்வீடனின் ஓரெ ஆகிய பனிச்சறுக்கு ஊர்களிலுள்ள விடுதிகளும் மகிந்திரா குடையின் கீழ் வந்தன. உலக ஆல்பைன் பனிச்சறுக்குப் போட்டிகள் 2007, 2019 ஆண்டுகளில் நடந்த ஊர் ஓரெ. பனிமலையில் பிறந்த எண்ணத்தை மூணாற்றில் வளர்த்த இந்திய நிறுவனம், கடைசியில் பனிமலை விடுதிகளையே வாங்கியது.

இந்த வளர்ச்சியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. சமையலறை வசதியுடன் கூடிய அறைகள், குழந்தைகளுக்கான செயல்பாடுகள், பல ஊர்களில் ஒரே தரத்தை எதிர்பார்க்கும் வாய்ப்பு ஆகியவற்றை இந்நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கப்படுத்தின. விடுதிகள் உள்ளூரில் வேலைவாய்ப்பையும் தந்தன.

கணக்கேட்டில் ஒரு கேள்வி

25 ஆண்டுச் சேவைக்கான பணத்தை முதல் ஆண்டிலேயே பெற்றால் அதை எந்த ஆண்டின் வருமானமாகக் கொள்வது? இக்கேள்வி வருமான வரித்துறைக்கும் மகிந்திரா ஹாலிடேஸுக்கும் இடையே வழக்காகியது. முழுத்தொகையும் பெற்ற ஆண்டிலேயே வரிக்குரியது என்றது வரித்துறை. நிறுவனத்துக்கு வரும் ஆண்டுகளிலும் கடமை இருப்பதால் முழுத்தொகையையும் முதல் ஆண்டு வருமானமாகக் கொள்ள இயலாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னைச் சிறப்பு அமர்வு 2010இல் தீர்ப்பளித்தது.

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இதே கேள்வியை மீண்டும் எழுப்பியது. அதுவரை உறுப்பினர் கட்டணத்தின் ஒரு பகுதியை முதலிலேயே வருமானமாகக் காட்டிவந்த நிறுவனம், அதைத் திட்டக் காலம் முழுவதற்கும் பரப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. இது முறைகேடு அன்று, விதி மாற்றம். எனினும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இதில் உள்ளது. டைம்ஷேர் நிறுவனத்தின் கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி இன்னும் ஈட்டப்படாத பணம். உறுப்பினருக்குக் கொடுக்க வேண்டிய இரவுகள் அத்தனையும் அந்நிறுவனம் பட்ட கடனே.

உறுப்பினரின் கணக்கு

இவ்வணிகத்தைப் பற்றிய குறைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்: விரும்பிய நாளில் அறை கிடைப்பதில்லை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உயர்ந்துகொண்டே போகிறது, விற்பனையாளர் வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லை, விலக நினைத்தால் பணம் முழுமையாகத் திரும்புவதில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கு வரும் டைம்ஷேர் வழக்குகளும் இவற்றைச் சுற்றியே அமைகின்றன.

முதல் குறை தற்செயலானது அன்று. தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைகள் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான். திருக்கோவிலூரில் அனல் அடிக்கும் அதே வாரத்தில்தான் சேலத்திலும் மதுரையிலும் அனல் அடிக்கிறது. எல்லோரும் கேட்பது அதே மலையில் அதே வாரம். ஜூலை மழையில் காலியாகக் கிடக்கும் அறை உறுப்பினருக்கு உரிமையாக இருக்கலாம், பயனாக இருக்காது. ஓய்வுபெற்றவர்களுக்கும் நாள் மாற்றிச் செல்ல முடிந்தவர்களுக்கும் இத்திட்டம் பொருந்தும் அளவுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பொருந்துவதில்லை.

இரண்டாவது குறையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். இதிலுள்ள தொகைகள் கற்பனையானவை. எந்த நிறுவனத்தின் விலையும் அன்று. ஒருவர் 4 லட்சம் ரூபாய் கட்டி, ஆண்டுக்கு 7 இரவுகள் வீதம் 25 ஆண்டுகளுக்கு 175 இரவுகள் பெறுகிறார் என்று கொள்வோம். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 2,286 ரூபாய். விற்பனை மேசையில் காட்டப்படும் கணக்கு பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும்.

ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால், 25ஆம் ஆண்டில் அது 48,000 ரூபாயைத் தாண்டும். 25 ஆண்டுகளில் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 7 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய் செல்லும். இரண்டையும் கூட்டினால் ஓர் இரவின் விலை ஏறத்தாழ 6,380 ரூபாய். ஒரு முறை போக முடியாமல் போனாலும் இந்த விலை ஏறும்.

மற்றொரு பக்கமும் பார்க்க வேண்டும். அதே 4 லட்சத்தை 7 விழுக்காடு வட்டியில் வைப்புத்தொகையாகப் போட்டால் ஆண்டுக்கு 28,000 ரூபாய் வட்டி வரும். கட்ட வேண்டியிராத 15,000 ரூபாயையும் சேர்த்தால் ஏழு இரவுகளுக்கு 43,000 ரூபாய் கையில் இருக்கும். அதாவது இரவுக்கு 6,100 ரூபாய்க்கு மேல். அசலும் குறையாது. விடுதி அறைகளின் வாடகை இதைவிட மிக அதிகமாக உயரும் என்று நம்புபவருக்கு டைம்ஷேர் இலாபமாகலாம். ஆனால் அந்த நம்பிக்கையை எடைபோடும் பொறுப்பு வாங்குபவருடையது. ஓய்வூதியப் பணிக்கொடையை எடுத்துக் கட்ட நினைப்பவர்கள் கையெழுத்திடும் முன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

பெயரளவில் விடுதி, உண்மையில் வைப்புத்தொகை

தங்கும் இரவுகளை விற்பதாகச் சொல்லிக்கொண்டு, தங்காவிட்டால் கூடுதல் பணத்துடன் திருப்பித் தருவதாகக் கூறிய நிறுவனங்களும் இருந்தன. இது வேறு வகை வணிகம். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் 51 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 7,035 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறிய பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பணத்தைத் திருப்பித் தர 2016இல் ஆணையிட்டது. ஸ்டெர்லிங்கையும் மகிந்திராவையும் இவ்வகையுடன் சேர்ப்பது நியாயமாகாது; அவை உண்மையான விடுதிகளை நடத்துபவை. ஆயினும் வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தருவதாகச் சொல்லப்படுவது தங்குமிடமா, வட்டியா? வட்டி என்றால் விலகிக்கொள்வதே நல்லது.

சட்டப் பாதுகாப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறியாணைப்படி, டைம்ஷேர் வாங்கியவர் காரணம் ஏதும் கூறாமல் 14 நாட்களுக்குள் விலகலாம். அந்த 14 நாட்களுக்குள் முன்பணம் வாங்குவதற்கும் தடை உண்டு. இந்தியாவில் டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. விலகும் காலம் எவ்வளவு என்பதை ஒப்பந்தமே முடிவு செய்கிறது; ஒப்பந்தத்தை எழுதுவது நிறுவனம். இந்தத் துறையில் அரசு செய்யாமல் விட்ட பெரிய வேலை இதுவே.

இருப்பினும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தையும் இச்சட்டம் ஏற்கிறது. அதன் பேரிலான முறையீடு மாநில ஆணையத்துக்குச் செல்லும். முதற்கட்ட உதவிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

மலையின் எல்லை

இதுவரை சொன்னவை நிறுவனத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலானவை. மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அது மலை. கொடைக்கானல், ஊட்டிக்குச் செல்லும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கை வரம்பும் வந்தது. கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள். தண்ணீர், குப்பை, சாலை எதிலும் மலைக்கு ஒரு தாங்குதிறன் உண்டு என்பதை நீதிமன்றம் எண்ணாகவே சொல்லிவிட்டது. இருபத்தைந்து ஆண்டு முன் விற்கப்பட்ட கோடை வாரம் இந்த எண்ணைக் கணக்கில் கொண்டதன்று.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கும் இது பொருந்தும். கோமுகி ஆறு பிறக்கும் இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அருவிகளைக் காணவும் கரியாலூரின் குளிர்ச்சிக்காகவும் சுற்றுவட்டார மக்கள் வந்துபோகின்றனர். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று விளம்பரப்படுத்துவதற்கு முன், ஊட்டி இன்று எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கு நாளை பெரிய விடுதிகள் வருமானால், மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று முதலில் கணக்கிட்டு, அதற்குப் பின்னரே அறைகளை விற்க அனுமதிக்க வேண்டும். கொடைக்கானலில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது.

மதிப்பீடு

டைம்ஷேர் நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பங்களை மலைக்கு அழைத்துச் சென்றன என்பது உண்மை. அந்தப் பயணத்தின் இடர்ப்பாட்டை அக்குடும்பங்களின் தலையிலேயே வைத்தன என்பதும் உண்மை. வாடகை ஹோட்டலில் சேவை சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு ஹோட்டலுக்குப் போகலாம். முன்பணம் கட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவருக்குக் கூடுதல் சட்டப் பாதுகாப்பு வேண்டும். 14 நாள் விலகல் உரிமை, ஆண்டுக் கட்டண உயர்வுக்கு வரம்பு, உறுப்பினர் எண்ணிக்கைக்கும் அறை எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தைப் பருவவாரியாக வெளியிடும் கட்டாயம் ஆகிய மூன்றும் சட்டமானால், இத்துறையின் குறைகளில் பெரும்பகுதி நீங்கும். நேர்மையாக நடத்தும் நிறுவனங்களுக்கு இவற்றால் இழப்பு ஏதும் இல்லை.