இணங்காமையா, ஒத்துழையாமையா? – மருத்துவ மானிடவியல் பாடநூல் ஒன்றின் சொல்லாட்சி

உடல்நலம், பண்பாடு, இனம், பாலினம் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் பயிற்றும் அமெரிக்கக் கல்லூரிப் பாடங்களில் பெரிதும் பயிலப்படும் நூல்களுள் ஒன்று, ஆன் ஃபாடிமன் எழுதி 1997இல் வெளிவந்த ‘தி ஸ்பிரிட் கேட்சஸ் யூ அண்ட் யூ ஃபால் டவுன்’ என்பதாகும். கலிபோர்னியாவின் மெர்சட் நகரில் 1982இல் பிறந்த லியா லீ என்னும் மோங் இனக் குழந்தையின் வலிப்புநோய் பற்றியது இந்நூல். இரு பண்பாடுகளின் மோதல் என அதன் துணைத்தலைப்பே கூறுவதால், பாடங்களும் அதனை அவ்வாறே கொள்கின்றன. மொழிபெயர்ப்பாளர் நோக்கில் அதனைப் பயில்வோர்க்கு வேறொரு நூல் புலப்படும்.

முதற்கண் தலைப்பு. மோங் மொழியில் இந்நோயின் பெயர் ‘கௌ தா பே’. உரோமன் எழுத்தில் இம்மூன்று சொற்களின் ஈற்றிலும் ஒரு மெய்யெழுத்து நிற்கும். அது ஒலிக்கப்படுவதன்று, தொனியைக் குறிப்பது. வேர் மண்ணில் நிற்கக் கதிர் சாய்வது போன்ற சாய்தலை முதற்சொல்லும், ஆவியை இரண்டாவதும், பற்றுதல் அல்லது அடித்தலை மூன்றாவதும் சுட்டும். தொடரில் முன்னிலைப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் இருமுறை வரும் ‘நீ’ சேர்க்கையே. சாய்தல் முன்னும் பற்றுதல் பின்னுமாக நின்ற முறையும் மாற்றப்பட்டு, நோய்ப்பெயர் ஒரு முழு வாக்கியமாக விரிந்துள்ளது. தமிழில் ‘காக்கை வலிப்பு’ என்போர் ஒவ்வொரு முறையும் காக்கையை எண்ணுவதில்லை. லியாவின் பெற்றோர் ஆவியை நம்பியது உண்மையே. ஆயினும் அந்நம்பிக்கைக்கு அவர்களுடைய கூற்றே சான்று, சொற்பிறப்பு அன்று. பிறமொழிச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவதே அம்மக்களின் மனத்தைக் காட்டுவதாகும் எனும் மயக்கத்திற்கு இத்தலைப்பு இடந்தருகிறது. விற்பனைக்கு அது உதவியிருக்கலாம்.

குழந்தையை மருத்துவமனைக்கு முதலில் கொணர்ந்தபோது வலிப்பு நின்றிருந்தது, உரைபெயர்ப்பாளரும் இல்லை. ஆகவே நெஞ்சுச்சளி நோயெனக் கருதி மருந்து தரப்பட்டது. 1983 மார்ச்சில் வலிப்பு நிற்காத நிலையிலேயே கொணரப்பட்ட பின்னர்தான் நோய் அறியப்பட்டது. அதன்பின் நான்காண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் மருந்துமுறை 23 தடவை மாற்றப்பட்டதாக நூல் கூறுகிறது. எந்த மொழியும் படிக்கவறியாப் பெற்றோர்க்கு ஆங்கிலச் சீட்டு ஒட்டிய புட்டிகள் தரப்பட்டன. மருந்து முறையாகத் தரப்படவில்லை என்பதால் 1985இல் குழந்தை வளர்ப்பில்லத்திற்கு அனுப்பப்பட்டு, 1986இல்தான் பெற்றோரிடம் திரும்பியது.

அம்முடிவுக்கு அடிப்படையான சொல் ‘நான்கம்ப்ளையன்ஸ்’. மருத்துவ ஏட்டில் இயல்பாக எழுதப்படும் இச்சொல்லே ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் வழக்காவணமாயிற்று. மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன், இவ்வகைச் சொல் மருத்துவரின் மேலாண்மையை முன்கொண்டு நிற்பதால் அதனைக் கைவிடுமாறு ஃபாடிமனிடம் கூறியதும் நூலிலேயே இடம்பெறுகிறது. தமிழாக்குவோர் இதனை எங்ஙனம் பெயர்ப்பர்? ‘இணங்காமை’ என்றால் பிடிவாதம் தோன்றும். ‘ஒத்துழையாமை’ என்றால் நிலை தலைகீழாகும். 1920இல் தொடங்கிய இயக்கத்தின் நினைவால் அச்சொல் தமிழில் அறவலிமை பெற்றது. குற்றஞ்சாட்டப்பட்டவரே உயர்ந்து நிற்பர். பின்னர்ப் பரவிய ‘அட்ஹியரன்ஸ்’ என்பதற்குக் ‘கடைப்பிடித்தல்’ எனலாமாயினும், விரதமும் நெறியும் கடைப்பிடிக்கப்படுமேயன்றி மாத்திரை கடைப்பிடிக்கப்படுவதில்லை. ‘மருந்து தரத் தவறினர்’ என்பதிலும் தவறு எனும் பகுதி உறுத்துகிறது. ‘சொன்னபடி மருந்து தரப்படவில்லை’ என நிகழ்ச்சியை மட்டும் கூறும் தொடர் நீளமானதாயினும் ஏற்புடையது. சொன்னவர் எம்மொழியில் சொன்னார் எனும் வினாவை அது மூடிவிடுவதில்லை.

1986 நவம்பரில் லியாவின் மூளை மீளாச் சேதமுற்றது. வலிப்பைவிடக் குருதியில் பரவிய தொற்றே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்னும் கருத்தை நூலின் பிற்பகுதி தருகிறது. பெற்றோர் மீது சுமத்தப்பட்ட சொல்லை அது பெரிதும் ஆட்டங்காணச் செய்கிறது. லியா 2012இல் மறைந்தார்.

நூலின் அவலக்கதை வடிவம் பண்பாட்டை மாறாப் பொருளாகவும் முடிவைத் தவிர்க்கவியலாததாகவும் காட்டுகிறது என 2003இல் ஜானெல் டெய்லர் எழுதிய திறனாய்வு சுட்டிற்று. அது பொருந்தும். லாவோசில் அமெரிக்கர் சார்பில் போரிட்டு, 1975க்குப் பின் ஏதிலிகளான மக்களே மோங் இனத்தார் என்பதை ஃபாடிமன் விரிவாகவே எழுதியுள்ளார். பண்பாடு எனும் தலைப்பு அவ்வரலாற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

இப்பாடங்களைத் தமிழில் அமைக்க முனைவோர் ‘இனம், பாலினம்’ எனும் இணையையும் ஆராய வேண்டும். முன்னது மக்கட்பிரிவு; பின்னதன் ஈற்றிலுள்ள இனம் வகை எனும் பொருளது. ஒலியொப்புமை இரண்டையும் இயற்கை வகைகள்போல் தோற்றுவிக்கும். 1999இல் வெளியான சிறுநீரகச் செயல்திறன் சமன்பாடு கறுப்பினத்தவர்க்குத் தனிப் பெருக்கெண் கொண்டிருந்தது. 2021இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் அமைப்புகள் இனத்தைக் கணக்கில் சேர்க்காத சமன்பாட்டைப் பரிந்துரைத்தன. இத்தகைய பாடத்தை விளக்கும் ஆசிரியர்க்கு, ‘இனம்’ என்பது சமூகம் வகுத்த பிரிவு என ஒவ்வொரு முறையும் அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கும். தொல்காப்பியம் பலர்பாலையும் ஒரு பாலாகக் கொண்டதை அறிந்த மொழியியல் மாணவர்க்கேனும் அது எளிதில் விளங்கும்.