கடைசி இரவில் கட்டியக்காரன்: பாரதக் கூத்தின் நிறைவை எப்படி ரசிப்பது?

மகாபாரதக் கதையைப் பல இரவுகள் ஆடும் பாரதக் கூத்தின் கடைசி இரவுகளுக்குக் கூட்டம் தானாகச் சேரும். அபிமன்யு விழுவான், கர்ணன் விழுவான், விடியும் நேரத்தில் துரியோதனன் விழுவான். அழுவதற்கென்றே பாயோடு வந்து உட்காரும் பாட்டிமார்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து நீங்களும் அழுங்கள். ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனை மட்டும் கண்ணிலிருந்து விட்டுவிடாதீர்கள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விடைபெறும்போது அத்தனை பேரையும் வழியனுப்பி வைப்பவன் அவன்தான். எத்தனை ஆழமாக அவன் நம்மைச் சிரிக்க வைத்தானோ அத்தனை ஆழமாகத்தான் அந்தச் சாவுகள் நம்மைத் தொடும். இது பிடிபட்டால் நிறைவு இரவின் சூட்சுமமே பிடிபட்டுவிடும்.

முதலில் ஊரைத் தேடுங்கள்

தேடலை ஒடுகத்தூரிலிருந்து தொடங்கலாம். அது ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை இரண்டு மாவட்டங்களுமே கூத்து மண். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தோடு அக்னி வசந்த விழா நடக்கும். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்குப் பல ஊர்க்காரர்கள் வருவார்கள். எந்த ஊரில் பாரதம் நடக்கிறது, எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, ஆடுகிறது என்று அங்கே விசாரியுங்கள்.

பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ வைத்துக் கதை சொல்வார். அந்தக் கதையை இரவில் ஜமா ஆடிக் காட்டும். போர் என்னவோ 18 நாள்தான். கூத்து எத்தனை இரவு என்பது ஊர் வரி எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

நிறைவு இரவுக்கு மட்டும் வந்து உட்காராதீர்கள். துகிலுரிதல் இரவையாவது பார்த்திருக்க வேண்டும். துரியோதனன் ரத்தத்தைப் பூசித்தான் கூந்தலை முடிவேன் என்று திரௌபதி அன்று சபதம் செய்கிறாள். கடைசிக் காலையில் அவள் கூந்தல் முடிவதற்காக ஊரே ஏன் காத்திருக்கிறது என்பது அந்த இரவைப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

எங்கே உட்காருவது

ஆடுகளத்தின் பின்பக்கம் பெஞ்சு போட்டு ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளக்காரர்கள் இருப்பார்கள். பின்பாட்டும் அங்கிருந்துதான். முன்னால் தரையில், அந்தப் பெஞ்சும் தெரியும்படி, திரை பிடித்துக்கொண்டு வரும் வழியும் தெரியும்படி ஒரு பக்கமாக இடம் பிடியுங்கள். கட்டியக்காரனின் பாதிப் பேச்சு பின்பாட்டுக்காரர்களோடுதான். அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தாலே, எது வழக்கமான வசனம், எது அந்த நிமிடத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடும். அவர்களே எதிர்பாராமல் சிரித்தால் அது அன்றைக்குப் பிறந்த புது நகைச்சுவை.

கட்டியக்காரனின் சிரிப்பைப் பிரித்துப் பாருங்கள்

வாத்தியங்கள் முழங்கக் களரி கட்டி, சாமி பாட்டுப் பாடி முடித்ததும் முதலில் ஆடுகளத்துக்கு வருபவன் கட்டியக்காரன். ராஜா வருவதைக் கட்டியம் கூறி அறிவிப்பவன், ராஜாவிடமே “யாரு நீங்க, எந்த ஊரு?” என்று கேட்கிறவன், காவல்காரன், தூதுவன், வேலைக்காரன் எல்லாம் அவனேதான். ஒரே ராத்திரியில் ஏழெட்டு ஆளாக மாறுவான். துண்டைத் தலையில் கட்டினால் ஓர் ஆள், இடுப்பில் கட்டினால் இன்னோர் ஆள்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மொழி. ராஜா விருத்தத்திலும் செந்தமிழிலும் பேசுவார். இவன் நம்ம ஊர்ப் பேச்சில் பதில் சொல்வான். “மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கேட்டால், ரேஷன் கடையில் பருப்பு வராத கதையை ஆரம்பிப்பான். அஸ்தினாபுரம் அந்த நொடியில் நம்ம ஊருக்குள் வந்துவிடும். இரண்டு, தைரியம். துரியோதனன் சபையில் அவனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லும் உரிமை பீஷ்மருக்குக்கூட முழுதாகக் கிடையாது. கட்டியக்காரன் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். ஊர்ப் பெரியவர்களைப் பற்றியும் அதே தைரியத்தில் சொல்வான், அவர்களும் சிரிப்பார்கள். மூன்று, நிறுத்தம். வேடிக்கையை எங்கே விட்டுவிட வேண்டும் என்பது தெரிந்தவனே நல்ல கட்டியக்காரன். கடைசி இரவுகளின் உயிர்நாடி இதுதான்.

கர்ண மோட்சம்

போருக்குப் புறப்படும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவள் அவன் பிறப்பைச் சொல்லி ஏசுகிறாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்பதால் கட்டியக்காரனுக்கு இங்கே நிறைய வேலை. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு கர்ணன் தான் யார் பிள்ளை என்பதைச் சொல்வான். பொன்னுருவியின் குரல் உடையும். அந்த இடத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். தேர்ந்த கலைஞர் ஒரு வார்த்தையும் பேசாமல் மெல்லப் பின்னால் ஒதுங்கி, பின்பாட்டுக்காரர்களில் ஒருவராகிவிடுவார். அதுவரை சிரித்த வாயோடு இருந்த நாம் அப்படியே மாட்டிக்கொள்வோம். அடுத்து கிருஷ்ணன் கிழப் பார்ப்பனராக வந்து கர்ணனின் புண்ணியத்தை யாசிக்கும்போது கேட்கிற அமைதி அந்தச் சிரிப்பால் வந்ததுதான்.

பதினெட்டாம் போரும் படுகளமும்

நிறைவு இரவில் துரியோதனனுக்குத் தம்பிமார் இல்லை, கர்ணன் இல்லை, சேனை இல்லை. பெரிய கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்ப்பதக்கமும் சுமந்து அவன் தனியாகச் சுற்றி ஆடுவான். பேச்சுக்குத் துணையாக மிஞ்சியிருப்பவன் கட்டியக்காரன் ஒருவனே. முதல் இரவில் ராஜாவை நையாண்டி செய்த அதே ஆள், இப்போது தோற்ற ராஜாவிடம் எப்படிப் பேசுகிறான்? குரலில் இருந்த குத்தல் போய்ப் பரிவு வந்திருக்கிறதா? வில்லனை மனிதனாக்கிக் காட்டும் இந்த வேலையைக் கூத்தில் நகைச்சுவைதான் செய்கிறது.

விடிந்ததும் கூத்து மேடையை விட்டு இறங்கும். கோயிலுக்கு எதிர்த் திடலில் மண்ணால் பிரமாண்டமாகச் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவம் காத்திருக்கும். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அங்கே சண்டையிட்டபடி வருவார்கள். மண் உருவத்தின் தொடை பிளக்கும், திரௌபதி கூந்தல் முடிவாள், துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். மாலையில் தீமிதி. இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் தூங்கப் போய்விடாமல் இதுவரை இருக்க வேண்டும். மேடையில் பார்த்த நடிகனும் திடலில் கிடக்கும் மண் உருவமும் ஒருவனே என்று ஊர் ஏற்றுக்கொள்ளும் அந்தக் கணம், உலக நாடகத்திலேயே அபூர்வமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விடைபெறும் நடிகர்கள்

பாத்திரம் செத்தாலும் நடிகர் போய்விடுவதில்லை. முன்னிரவில் விழுந்தவர் பின்னிரவில் வேறு வேஷத்தில் வரலாம். உண்மையான பிரிவு வேறு. ஒரு பருவம் முடிந்தால் சிலர் வேறு ஜமாவுக்குப் போவார்கள். வயதான வாத்தியார் தன் வேஷத்தை இளையவருக்கு விட்டுக்கொடுப்பார்.

சிரிப்புக் குழு என்றால் இந்தப் பிரிவு எங்கும் உண்டு. 2000-களில் விஜய் டி.வி.யில் ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் ‘மன்மதன்’ படம் வந்த பிறகு சந்தானம் சினிமாவுக்குப் போய்விட்டார். ஜீவா முன்னுக்கு வந்தார். சுவாமிநாதன், மனோகர், சேஷு போன்றவர்கள் சுற்றி நின்று தாங்கினார்கள். 2016-ல் ராம்பாலாவும் சந்தானமும் ‘தில்லுக்கு துட்டு’ படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். சேஷு 2024 மார்ச்சில் காலமானபோது ரசிகர்கள் அந்தப் பழைய குழுவையே நினைத்துத் துக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் 1975 முதல் ஓடும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சியில், முடிவில் நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து நின்று விடைபெறுவார்கள். பருவத்தின் கடைசி நாளன்று, அடுத்த வருடம் யார் இருக்கமாட்டார் என்று ரசிகர்கள் அந்த முகங்களில் தேடுவார்கள்.

கூத்திலும் அப்படித் தேடுங்கள். பெரியவர் அடி வைக்கும்போது இளையவர் எங்கே பார்க்கிறார், கட்டியக்காரர் விட்ட இடத்தைப் பின்பாட்டுக்காரர் எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். நல்ல குழுவில் ஒருவர் போனாலும் அவர் விட்ட நகைச்சுவை அடுத்தவர் உடம்பில் தொடரும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பிடித்திருந்தால் அன்பளிப்புக் கொடுங்கள். கட்டியக்காரரே உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார். அரிதாரம் கலைக்கும்போது போய், எந்த இடம் உங்களைச் சிரிக்க வைத்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ராஜா வேஷக்காரருக்குப் பாராட்டு எளிதில் கிடைத்துவிடும், கட்டியக்காரருக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. தருமர் பட்டாபிஷேகம் வரை இருங்கள். அடுத்த பருவத்திலும் அதே ஜமாவைத் தேடிப் போங்கள். யார் போனார், யார் வந்தார் என்று வருடாவருடம் கவனித்து வருகிற ரசிகர் ஒவ்வொரு ஊரிலும் நான்கு பேர் இருந்தால்கூடப் போதும், அந்தப் பக்கத்து ஜமாக்கள் தொடர்ந்து ஆடும்.