ஸ்டிக்கரில் அழிந்த எண்: ஓப்பன்டபிள்யூஆர்டி மீது சில புகார்கள்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நெட் வரவில்லை என்றால் முதல் போன் கேபிள்காரருக்கு. அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தது எனக்கு. நான் இதே இடத்தில் ஓப்பன்டபிள்யூஆர்டி பற்றி இரண்டு தடவை புகழ்ந்து எழுதியிருக்கிறேன். வீட்டு வைஃபை ரவுட்டருக்குள் கம்பெனி வைத்த மென்பொருளை எடுத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து எழுதிய லினக்ஸ் மென்பொருளை ஏற்றிக்கொள்வதுதான் விஷயம். இந்தக் குறிப்பு புகழ்ச்சி இல்லை. ஆறேழு வருஷம் பயன்படுத்திவிட்டு, ஒரு வீட்டில் மூன்று நாள் நெட்டைக் கெடுத்துவிட்டு எழுதுவது.

முதலில் கதை எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் புகாரின் வேர் அங்கேயே இருக்கிறது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தது. 2003-ல் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியது. அதே வருஷம் ஜூன் மாசத்தில், அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ்தான் என்று லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்களின் மடற்குழுவில் ஒருவர் சுட்டிக்காட்டினார். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதைப் போட்டு விற்றால் சோர்ஸ் கோடையும் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். கம்பெனி கொடுக்கவில்லை. விஷயம் வெளியே வந்து சத்தம் போட்ட பிறகு கொடுத்தது. அந்தக் கோடைப் பிடித்துக்கொண்டு 2004 ஜனவரியில் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பேரிலேயே அந்த மாடல் இருக்கிறது பாருங்கள். சிஸ்கோவின் மற்ற பொருட்களில் இதே தகராறு நீண்டு, 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குப் போட, 2009-ல் சமரசம் ஆனது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலபமான உதாரணம் இருக்கிறது: புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். 1957-ல் டூலிங், அதாவது பாகங்களை அடித்தெடுக்கும் அச்சும் கருவிகளும், இந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் திருவொற்றியூரிலேயே தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் கடை மூடிவிட்டார்கள். புல்லட் சாகவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. வெறும் பூட்டும் பட்டறையாக மட்டும் இருந்திருந்தால், 1970-ல் நம்ம ஊரிலும் கதை முடிந்திருக்கும். சோர்ஸ் கோட் என்றால் டூலிங் மாதிரி. செய்தவன் கைகழுவினாலும் பொருள் ஓடும்.

இந்தியாவில் இதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை வெளியிடத்தில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த மாசமே தர்மசாலாவில், திபெத்திய அகதிகள் வாழும் மலைச்சரிவில், இதே டபிள்யூஆர்டி54ஜி பெட்டிகளில் திறமூல ஃபர்ம்வேரைப் போட்டு, ஒன்றுக்கொன்று கைகோத்து நிற்கும் வலையமைப்பு ஒன்றைக் கட்டினார்கள். பின்னால் ஏர்ஜல்தி என்று அறியப்பட்டது அதன் தொடர்ச்சிதான். வீட்டுக்குள் மேசைமேல் வைக்கச் செய்த பெட்டி, மலையில் மழையில் நின்று பள்ளிக்கூடங்களை இணைத்தது. கம்பெனியின் ஃபர்ம்வேரில் இது நடக்காது. அந்த வேலையையே அது அறியாது.

இனி, நான் ஏன் இதை விடாமல் பயன்படுத்துகிறேன் என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்கிறேன். மற்ற வசதிகளை விட்டுவிடலாம். விளம்பரத் தடுப்பு, விருந்தினர் வைஃபை எல்லாம் இன்று எந்தப் பெட்டியிலும் ஏதோ ஒரு வகையில் கிடைக்கிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதை ராயபுரம், காசிமேடு பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கேட் ஒரு மணிக்கு இத்தனை லாரிதான் விடும். சாலை நீளமாக இருப்பதால் லாரிகள் வந்து வந்து சேரும். சாலை இன்னும் நீளமாக இருந்தால் வரிசையும் நீளும், கேட் வேகமாகாது. நடுவில் மாட்டும் ஆட்டோக்காரர்தான் பாவம். ரவுட்டருக்குள்ளும் இதேதான். ஒருவர் பெரிய ஃபைலை மேலே ஏற்றினால், அதன் பாக்கெட்டுகள் லாரி மாதிரி பஃபரில் வரிசை கட்டும். இன்னொருவரின் வீடியோ கால் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கும். வேகச் சோதனை போட்டால் எண் நன்றாகவே காட்டும், ஆனால் குரல் விட்டு விட்டு வரும். இதற்கு பஃபர்புளோட் என்று பேர். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதே வருஷம் எஃப்க்யூ-கோடெல் என்ற வடிவம் லினக்ஸ் கெர்னலுக்குள் போனது. அதை வீட்டுப் பெட்டிக்குள் பரீட்சை பண்ணிப் பார்க்கும் களமாக இருந்தது ஓப்பன்டபிள்யூஆர்டியும் அதையொட்டிய முயற்சிகளும்தான். லைன் வேகத்தைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்து வரம்பு வைத்தால் வரிசை கேபிள்காரரின் பெட்டியில் சேராது, நம் கையில் இருக்கும். லாரிக்குத் தனி வரிசை, ஆட்டோவுக்குத் தனி வரிசை. என் வீட்டில் மனைவியின் மீட்டிங்கும் பையனின் கேமும் சண்டையில்லாமல் ஓடுவது இதனால்தான்.

இப்போது புகாருக்கு வருகிறேன்.

பழைய தமிழ் நூல்களைப் பதிப்பிப்பவர்கள் எந்த ஏடு, எந்தப் பாடம் என்று அலசுவார்களே, அந்த அலசல் இல்லாமல் ரவுட்டரில் கைவைக்க முடியாது. டிபி-லிங்க்கின் டபிள்யூஆர்841என் என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் மலிவு ரவுட்டர் என்றால் ரொம்ப நாள் அதுதான். பேர் ஒன்று, பதிப்போ 14 வரை போகிறது. 12-ஆம் பதிப்பு வரை ஒரு கம்பெனி சிப், 13-லிருந்து வேறு கம்பெனி சிப். 13-ல் ஃபிளாஷ் 8 எம்பி, ரேம் 64 எம்பி. அடுத்து வந்த 14-ல் இரண்டும் பாதி! புதுசு வாங்கியவனுக்குக் குறைவு. டபிள்யூஆர்டி54ஜியிலும் இதே கூத்து நடந்தது. 2005 கடைசியில் வந்த 5-ஆம் பதிப்பில் ஃபிளாஷை 4-லிருந்து 2-ஆகவும், ரேமை 16-லிருந்து 8-ஆகவும் வெட்டி, லினக்ஸையும் எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் வேண்டியவர்களுக்கு எல் என்ற எழுத்தைச் சேர்த்துத் தனியாக ஒரு மாடல் விட்டார்கள்.

கம்பெனி வெட்டுவது தெரிந்த கதை. யாரும் அதிகம் பேசாதது மறுபக்கம். 2021-ல் வந்த 21.02 வெளியீட்டோடு ஓப்பன்டபிள்யூஆர்டி தன் குறைந்தபட்சத் தேவையை 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் என்று உயர்த்தியது. 4 எம்பி, 32 எம்பி பெட்டிகளுக்கு 19.07-ஓடு கணக்கு முடிந்தது. அந்த வரிசைக்கு 2022-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தமும் வரவில்லை. காரணம் நியாயமானதே. கெர்னல் வருஷா வருஷம் பெருக்கிறது, இத்தனூண்டு இடத்தில் அடைத்தால் எதுவும் உருப்படியாக ஓடாது. அடைத்து வைத்த பழசை அப்படியே ஓட்டலாமே என்றால் அதுவும் ஆபத்து. 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் ஐந்து லட்சம் பெட்டிகளைப் பிடித்ததே. எல்லாம் சரி. ஆனால் விளைவு என்ன? மேலிருந்து கம்பெனி மெமரியை வெட்டுகிறது, கீழிருந்து நம் ஆட்கள் தேவையை உயர்த்துகிறார்கள். நடுவில் நசுங்குவது மலிவுப் பெட்டி, அதாவது எங்கள் தெருப் பெட்டி. பெட்டியின் ஆயுளை நீட்டுவோம் என்று சொல்லும் இயக்கம், யார் வீட்டுப் பெட்டியின் ஆயுளை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையாக இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெரு அக்கா ஒருவர், "தம்பி, பாப்பா வேலை பாக்கும்போது வாய்ஸு கட்டாவுதுப்பா, உன் வூட்ல போட்டா மாரி போட்டுக் குடேன்" என்றார். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். கேபிள்காரரின் பெட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு ரவுட்டர் வைத்திருந்தார்கள். பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் தெரிந்தது. பதிப்பின் கடைசி எண் எங்கள் உப்புக் காற்றில் அழிந்துபோயிருந்தது. எனக்குத் தெரிந்த பதிப்புதான் என்று நானே முடிவு கட்டினேன். வழக்கமான பக்கத்தில் ஃபைலை ஏற்றினால் ஏற்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். புத்திசாலித்தனமாக, ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டு, கணினிக்கு 192.168.0.66 என்று முகவரி வைத்து, டிஎஃப்டிபி வழியாகத் திணித்தேன். அந்தச் சிறிய பூட்லோடர் எதையும் சரிபார்க்காது. கொடுத்ததை விழுங்கியது. அதன் பிறகு விளக்கு மட்டும் மினுக் மினுக்.

மறுபடி திணித்தேன். மறுபடியும் அதே பதிப்பு, அதே ஃபைல். இரண்டு ராத்திரி இப்படிப் போனது. அந்தப் பெண் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தாள், டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் ரிச்சி தெருவுக்குப் போய் யூஎஸ்பி-சீரியல் ஒயர் ஒன்று வாங்கி வந்து, பெட்டியைத் திறந்து, மூன்று ஊசிகளில் மாட்டி, 115200 வேகத்தில் பார்த்தால், முதல் சில வரிகளிலேயே சொல்கிறது: ஃபிளாஷ் 4 எம்பி. நான் ஏற்றியது 8 எம்பி பெட்டிக்கானது. கம்பெனியின் சொந்த ஃபர்ம்வேரைத் திரும்பப் போட்டதும் எழுந்து உட்கார்ந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஸ்டிக்கர்மேல் பழி போட முடியாது.

அந்தப் பெட்டியில் புதுசு எதுவும் ஏறாது என்பதால், என்னிடம் சும்மா கிடந்த ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு அவர்கள் வீட்டில் வைத்தேன். குரல் சரியானது. ஒரு மாசம் கழித்து ஃபைபர் அறுந்தபோதுதான் வேடிக்கை. வந்த கேபிள்காரர் என் ரவுட்டரைப் பார்த்துவிட்டு, "இது யார் மாத்துனது? அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறுந்தது வெளியே கம்பத்தில். அதைப் பார்க்க வைக்க இரண்டு நாள் ஆனது.

நிறுவல் வழிகாட்டிகள் மீது என் முக்கியமான புகார் இங்கேதான். அவை யாருக்கு எழுதப்பட்டவை? ரவுட்டரும் தன்னுடையது, நேரமும் தன்னுடையது, கெட்டால் மாற்றுக்கு இன்னொரு நெட் இருக்கிறது என்கிற ஒருவருக்கு. பதிப்பைச் சரிபார், காப்பு எடு, உன் பொறுப்பில் செய் என்று சொல்வதெல்லாம் அவருக்குச் சரி. அக்கா வீட்டில் 'உன் பொறுப்பு' என்ற சொல்லுக்கு ஆள் யார்? பெட்டியை நான் விடுதலை செய்தேன் என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த வீடு ஒரு கம்பெனியைச் சார்ந்திருப்பதிலிருந்து என்னைச் சார்ந்திருப்பதற்கு மாறியது. நான் ஊரில் இல்லாத நாளில் கம்பெனியே தேவலை. கம்பெனிக்கு ஒரு நம்பராவது இருக்கிறது.

காசிமேட்டில் படகு எஞ்சினைப் பிரிக்கும் மெக்கானிக்கும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கம்பெனி பார்ட் இல்லை என்றால் லேத் பட்டறையில் கடைந்து போட்டுவிடுவார். ஆனால் அவர் கரையிலேயே இருக்கிறார், காசு வாங்குகிறார், நடுக்கடலில் எஞ்சின் நின்றால் மறுநாள் அவர் கடை வாசலில்தான் சண்டை. அவர் இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கும் அந்த வேலை தெரியும். ரவுட்டருக்கு அப்படி ஒரு பட்டறை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் பார்த்ததில்லை.

இதற்கு மேல் ஒரு சுவர் இருக்கிறது. இன்று பல வீடுகளில் தனி ரவுட்டரே கிடையாது. ஃபைபர் வந்து நுழையும் ஓஎன்டி பெட்டியிலேயே வைஃபையும் இருக்கிறது. பெட்டி கம்பெனியுடையது, கடவுச்சொல்லும் அவர்களுடையது. அதைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, பிபிபிஓஇ பேரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் நம் ரவுட்டர் முழு அதிகாரத்தோடு ஓடும். கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தர மாட்டார்கள். அமெரிக்காவில் 2015-ல் எஃப்.சி.சி. ரேடியோ விதிகளை இறுக்கியபோது டிபி-லிங்க் வெளி ஃபர்ம்வேரையே தடுத்தது. 2016 ஆகஸ்டில், வேறொரு விதிமீறலுக்காக இரண்டு லட்சம் டாலர் கட்டிய சமரசத்தில், வெளி ஃபர்ம்வேருக்கு வழி செய்ய முயல்வதாகவும் அந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நம்ம ஊரில் தடை என்று காகிதத்தில் எதுவும் இல்லை. கேபிள்காரர் போனை எடுக்காமல் இருந்தாலே போதும். 2024-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி தன் பேரிலேயே ஒரு ரவுட்டரை விட்டது, பிரிக் ஆனாலும் எழுப்ப முடிகிற மாதிரி செய்து, 89 டாலருக்கு. நல்ல பெட்டி. எங்கள் தெருவில் அந்த விலைக்கு யாரும் ரவுட்டர் வாங்கிப் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுப் பெட்டியை நான் எடுத்து வரவில்லை. ஒரு அட்டையில் முகவரி, கடவுச்சொல், எது எந்த ஒயர், கம்பெனிப் பெட்டிக்கு நேராக மாற்றுவது எப்படி என்று தமிழில் எழுதி, செல்லோடேப் போட்டுப் பின்பக்கம் ஒட்டினேன். பதிப்பு எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதினேன். போன வாரம் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, பெட்டியை வேண்டுமென்றே ரீசெட் பண்ணச் சொன்னேன். ரீசெட் ஆனதும் வைஃபை அணைந்தே இருக்கும், ஒயர் மாட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதை அட்டையில் எழுத மறந்திருந்தேன். அவளே கண்டுபிடித்து, பென்சிலில் ஓரமாக ஒரு வரி சேர்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, எதிர்வூட்லயும் இதே கட்டாவுது. அவங்க பெட்டில எத்தனை எம்பி இருக்கும்?" பார்த்தோம். ஸ்டிக்கரே இல்லை.