சப்பாத்தும் நேர்பசையும்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை அழிக்க வந்த போர்த்துக்கேயர் முன் கல் நந்தி எழுந்து புல்லுண்டது என்பது படுவான்கரை மக்களின் ஐதிகம். அவ்வைதிகத்தை உரைக்கும் நாவிலேயே மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் பயில்கின்றன. மட்டக்களப்பில் 1628இல் கோட்டை எழுப்பியோர் 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர், சொற்களோ நிலைத்துவிட்டன. இவற்றைப் பாமரர் வாயிற் சிதைந்த பிறமொழிச் சொற்கள் என ஒதுக்குவார் உளர். அக்கருத்து கொள்ளத்தக்கதன்று.

போர்த்துக்கேயமும் அதன் உடன்பிறப்பாகிய ஸ்பானியமும் சொல்லின் ஓர் அசையை அழுத்தி ஒலிப்பன. உயிரீற்றுச் சொற்களிற் பெரும்பாலும் ஈற்றயலசையே அழுந்தும். அழுத்தம் இடம்மாறின் பொருளும் மாறும். 'சபியா' என்னும் போர்த்துக்கேய ஒலித்தொடர் முதலில் அழுந்தின் அறிவுடையவள். இடையில் அழுந்தின் அறிந்திருந்தான். ஈற்றில் அழுந்தின் ஒரு பறவை. தமிழில் இப்பணியை அழுத்தம் செய்வதில்லை. 'படு', 'பாடு' என மாத்திரையே பொருளை வேறுபடுத்துகின்றது. ஆதலின், வந்த சொல்லின் அழுத்தத்தைத் தமிழ் நா நெடிலாக மாற்றிக்கொண்டது. அலுமாரியில் 'மா', விசுக்கோத்தில் 'கோ', சாவியில் 'சா' என்பன மூலத்தில் அழுந்திய இடங்களே. 'களிசான்' என்பதன் மூலம் ஈற்றில் அழுந்துவது. தமிழிலும் நெடில் ஈற்றிலேயே நிற்கின்றது. இது சிதைவாயின், இத்துணை ஒழுங்கு எவ்வாறு வந்தது?

இவற்றுள் சப்பாத்து தனித்து நோக்கற்பாலது. பிற்கால யாப்பின்படி அது சப்/பாத்/து என மூன்று நேரசையாகும். நலிந்த ஈற்றுகரமும் ஏனையவற்றோடு ஒப்ப நிற்கும். தொல்காப்பியரோ நேரசையைக் குற்றியலுகரம் தொடரின் அதனை நேர்பு எனத் தனி அசையாகக் கொண்டார். அவர் வழியில் சப்/பாத்து என ஈரசையே. மூலச்சொல்லிலும் இரண்டாம் அசை அழுந்த, ஈற்று ஓகரம் உகரம்போல் நலிந்தொலிக்கும். காக்கைபாடினியார் முதலியோர் கைவிட்ட அசையொன்று கடல்கடந்து வந்த சொல்லின் ஓசையை இவ்வளவு செம்மையாகக் காட்டுவது வியப்பே.

எனினும் எல்லாம் இவ்வொழுங்கில் அடங்கா. கதிரையின் மூலத்தில் இடையசை அழுந்தும். தமிழில் அது குறிலாயிற்று. யன்னலிலும் தவறணையிலும் அழுத்தத்தின் சுவடே இல்லை. இவற்றை மறைத்து விதி வகுத்தல் முறையன்று. அகராதிப் போர்த்துக்கேயத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் போதாது. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. மக்கள் செவியில் விழுந்தது லிஸ்பன் நகரத்துப் பேச்சன்று; வாவிக்கரைப் பேச்சே. கதிரையின் குறிலுக்கு விடை தேடுவோர் முதலிற் செவிசாய்க்க வேண்டியது அதற்கே.