ஹார்டி விட்டுவைத்த தாள்கள்

ஒரு நாவலின் தொடக்கத்தில், குடிபோதையில் இருக்கும் ஒருவன் சந்தையில் தன் மனைவியை 5 கினிக்கு விற்றுவிடுகிறான். இப்படியும் நடக்குமா என்று கேட்பவருக்கு, இங்கிலாந்தின் டார்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பதில் இருக்கிறது.

அந்த நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டி (1840–1928) பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்டி, விசித்திரமான செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எடுத்தெழுதி வைத்தார். மனைவியை விற்ற செய்திகளும் அதில் உண்டு. 1886-இல் வெளிவந்த ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ நாவலுக்கு விதை அங்கேதான். அந்த நாவலின் கையெழுத்துப்படியும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அடித்தலும் திருத்தலும் நிறைந்த பக்கங்கள். முடிவான வரியை மட்டுமல்ல, அவர் வேண்டாமென்று தள்ளிய வரியையும் காட்டிவிடுகின்றன.

பேனாக்களும் உண்டு. எந்தப் பேனாவால் எந்தப் புத்தகம் எழுதினார் என்பதை அதன் கட்டையிலேயே பொறித்துவைத்தார், பண்ணையார் மாட்டுக்குச் சூடுபோட்டதைப் போல!

இவ்வளவு கறாரானவர் தாள்களைக் கொளுத்தவும் தயங்கவில்லை. கடிதங்களும் நாட்குறிப்புகளும் அவருடைய மேக்ஸ் கேட் வீட்டுத் தோட்டத்தில் எரிந்தன. தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே படர்க்கையில் எழுதி, இரண்டாம் மனைவி ஃப்ளாரன்ஸ் பெயரில் வெளிவர ஏற்பாடும் செய்தார்.

நாவல்களின் கையெழுத்துப்படிகள் தப்பின. 1911-இல் நண்பர் சிட்னி காக்கரெல் அவற்றைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். ‘டெஸ்’ நாவல் லண்டனுக்கும், ‘ஜூட்’ நாவல் கேம்பிரிட்ஜுக்கும் போயின. ஹார்டியின் கதையில் காஸ்டர்பிரிட்ஜ் என்பது டார்செஸ்டர்தான்; அதன் மேயர் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.